குரங்குத் தாத்தா கதை: 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் யார் யாரை வென்றார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் பாதியில் எழுந்து போனாலும் நான் பெயர் எழுதப் போவதில்லை.

என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள். இப்போது அவளே ஆசிரியை. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறாளாம். "சார், ஒரே வார்த்தையில எதிராளியை வாயடைச்ச கதை ஒண்ணு வேணும். ஹக்ஸ்லியோட குரங்குத் தாத்தா கதையைச் சொல்லித் தரலாமா?" என்று கேட்டாள். "தாராளமா சொல்லும்மா. ஆனா முழுசா சொல்லணும். முழுசா சொன்னா உன் போட்டிக்கு ஆகாது" என்றேன். அதைப் போனில் விளக்கி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. டார்வின் தன் பரிணாமக் கொள்கையை வெளியிட்ட மறு வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெரிய கூட்டம். அங்கே ஒரு பிஷப் எழுந்து டார்வினைக் கிண்டலடித்துப் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானியைப் பார்த்து, "நீங்கள் குரங்கின் வம்சம் என்கிறீர்களே, அது உங்கள் தாத்தா வழியிலா, பாட்டி வழியிலா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஹக்ஸ்லி நிதானமாக எழுந்து, குரங்கு தாத்தாவாக இருப்பதில் தனக்கு வெட்கமில்லை, அறிவை உண்மையை மறைக்கப் பயன்படுத்துகிற மனிதரோடு உறவு இருந்தால்தான் வெட்கம் என்றார். பிஷப் வாயடைத்துப் போனார், அறிவியல் வென்றது, அறியாமை தோற்றது. சுபம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அங்கே இருந்தவர்கள் அந்த வாரத்திலேயே எழுதிய கடிதங்களைப் பார்த்தால், கதை இவ்வளவு சுத்தமாக இல்லை.

நாள் 1860 ஜூன் 30, சனிக்கிழமை. பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அந்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது. பல்கலைக்கழகத்தின் புது அருங்காட்சியகக் கட்டடம் அப்போதுதான் எழும்பியிருந்தது. ஒதுக்கிய அறை கூட்டத்துக்குப் போதாமல், நூலகத்துக்கென்று கட்டிய நீளமான அறைக்கு எல்லோரையும் மாற்றினார்கள். எழுநூறு பேர் என்பவர்களும் உண்டு, ஆயிரம் பேர் என்பவர்களும் உண்டு. தலைமை வகித்தவர் ஹென்ஸ்லோ. டார்வினுக்குக் கேம்பிரிட்ஜில் தாவரவியல் சொல்லித் தந்த பேராசிரியர். வாத்தியார் முன்னிலையில் மாணவனின் புத்தகத்தை அலசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவன் அங்கே இல்லை. டார்வினுக்கு வயிற்றுக் கோளாறு. ரிச்மண்ட் பக்கத்தில் ஒரு நீர்ச் சிகிச்சை விடுதியில் படுத்திருந்தார். உடம்பு நன்றாக இருந்திருந்தாலும் வந்திருப்பாரா என்பது சந்தேகம். அப்படிப்பட்ட சபையில் பிஷப்புக்குப் பதில் சொல்வதைவிடச் செத்துப் போவதே மேல் என்ற பொருளில் நண்பருக்கு எழுதினார்.

கூட்டம் தொடங்கியதும் முதலில் பேசியவர் பிஷப்பும் இல்லை, ஹக்ஸ்லியும் இல்லை. நியூயார்க்கிலிருந்து வந்திருந்த டிரேப்பர் என்ற பேராசிரியர். ஐரோப்பாவின் அறிவு வளர்ச்சியை டார்வின் கருத்தோடு இணைத்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கட்டுரை வாசித்தார். கோடைக்கால மத்தியானம், நெரிசல், புழுக்கம், தலை தலையாக மனிதர்கள். அப்படிக் காய்ந்து போன கூட்டத்தில் யாராவது ஒரு நகைச்சுவை சொன்னால் போதும், எது சொன்னாலும் சிரிப்பார்கள். ஆண்டு விழாவில் தலைமையுரைக்கு அப்புறம் மேடை ஏறியவர்களுக்கு இது தெரியும்.

இப்போது பிஷப்பைப் பற்றி. பெயர் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ். பிரிட்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க வாழ்நாளெல்லாம் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் மகன். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவர், ராயல் சொசைட்டி உறுப்பினர், கூட்டத்தை நடத்திய சங்கத்துக்கே துணைத் தலைவர்களில் ஒருவர். பறவைகளைப் பற்றி நல்ல ஞானம். பேச்சில் வழுக்கிக்கொண்டு போகிறவர் என்பதால் 'சோப்பு சாம்' என்று பட்டப் பெயர். கதையில் வருகிற மாதிரி ஒன்றும் தெரியாத பாதிரியார் இல்லை அவர்.

டார்வின் புத்தகத்துக்கு அவர் ஒரு நீண்ட மதிப்புரை எழுதியிருந்தார். கூட்டம் நடந்த சமயத்தில்தான் அது ஒரு காலாண்டு இதழில் பெயரில்லாமல் வந்தது. டார்வின் படித்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? ரொம்பவும் சாமர்த்தியமான கட்டுரை, என் புத்தகத்தில் ஊகமாக நிற்கிற இடங்களையெல்லாம் திறமையாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார், சங்கடங்களை நன்றாக முன்வைத்திருக்கிறார் என்று நண்பர் ஹூக்கருக்கு எழுதினார். தன்னை அதில் கிண்டலடித்திருந்ததைக்கூட ரசித்திருக்கிறார். எதிராளியின் கட்டுரையைப் படித்துவிட்டு இப்படி எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்!

கூட்டத்தில் பிஷப் அரை மணி நேரம் பேசினார். அதில் சாரமும் இருந்தது. புறாவை மனிதர்கள் எத்தனையோ விதமாக வளர்த்துப் பார்த்துவிட்டார்கள், இன்னமும் அது புறாவாகத்தானே இருக்கிறது என்றார். எகிப்தின் பழைய கல்லறைகளில் கிடைத்த விலங்குகளும் தாவரங்களும் இன்றிருப்பவை போலவே இருக்கின்றனவே, எங்கே மாற்றம் என்றார். இவை முட்டாள்தனமான கேள்விகள் இல்லை. பதில் சொல்லக்கூடிய, சொல்ல வேண்டிய கேள்விகள். சில ஆயிரம் வருஷம் என்பது உயிர்கள் மாறுவதற்கு ஒரு கண் சிமிட்டல் என்பதும், ஆனால் அந்தச் சில ஆயிரம் வருஷத்தில் மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்ததற்கே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி இத்தனை வகைப் புறா வந்திருக்கிறதே என்பதும் பதில். டார்வின் அதற்காகவே வீட்டில் புறா வளர்த்தார், லண்டன் புறா வளர்ப்போர் சங்கங்களில் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் பிஷப்புக்கு அந்தக் கேள்விகளோடு உட்கார மனசு வரவில்லை. கூட்டம் தன் பக்கம் என்று தெரிந்துவிட்டது. கை தட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். அந்த நேரத்தில் நாக்கு ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து கொடுத்தது. தாத்தா வழியா, பாட்டி வழியா?

ஹக்ஸ்லிக்கு அப்போது வயது 35. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். (சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.) ஆனால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் முறையாகப் படித்தது மொத்தம் இரண்டே வருஷம். மற்றதெல்லாம் தானாகப் படித்தது. அவர் உண்மையில் அன்று கூட்டத்துக்கு வருவதாகவே இல்லை, ஊருக்குப் புறப்பட இருந்தார். முந்தின நாள் வழியில் பார்த்த ராபர்ட் சேம்பர்ஸ் என்பவர் வற்புறுத்தியதால்தான் தங்கினார். இந்த சேம்பர்ஸ் யார் என்றால், 1844-இல் பரிணாமத்தைப் பற்றிப் பெயர் போடாமல் பரபரப்பாக ஒரு புத்தகம் எழுதியவர். அந்தப் புத்தகத்தை ஹக்ஸ்லி 1854-இல் தன் மதிப்புரையில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். அடி வாங்கியவரே வந்து, நீங்கள் இருந்தே ஆகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். சரித்திரத்தில் இப்படியும் நடக்கிறது.

சரி, ஹக்ஸ்லி சொன்ன பதில் என்ன? இங்கேதான் சிக்கல். அன்றைய பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்த பதிவு கிடையாது. கூட்டத்தைப் பற்றி விரிவாக எழுதிய 'அதீனியம்' வாரப் பத்திரிகை அந்தக் குரங்குப் பேச்சை அப்படியே விட்டுவிட்டது. இரு தரப்பும் மோதின, அவரவருக்கும் அவரவர் நண்பர்களுக்கும் திருப்தியாக முடிந்தது என்கிற தோரணையில் எழுதியது. நமக்குக் கிடைப்பது கடிதங்களும் பிற்கால நினைவுகளும்தான்.

ஹக்ஸ்லியே செப்டம்பரில் ஒரு நண்பருக்கு எழுதினார். அவர் சொல்வது இது: ஒரு அற்பக் குரங்கு எனக்குத் தாத்தாவாக வேண்டுமா, அல்லது இயற்கை நிறைய அறிவும் செல்வாக்கும் கொடுத்திருந்தும் அதையெல்லாம் ஒரு தீவிரமான அறிவியல் விவாதத்தில் கேலியைப் புகுத்தப் பயன்படுத்துகிற மனிதன் வேண்டுமா என்று கேட்டால், தயங்காமல் குரங்கையே தேர்ந்தெடுப்பேன். கூட்டத்தில் இருந்த ஜான் ரிச்சர்ட் கிரீன் என்ற 22 வயது மாணவர் மூன்றாம் நாளே எழுதிய கடிதத்தில் இதே பதில் இன்னும் நீளமாக, இன்னும் சூடாக இருக்கிறது. தனக்குப் பரிச்சயம் இல்லாத அறிவியல் விஷயத்தில் தலையிட்டு, அலங்காரப் பேச்சால் அதைக் குழப்புகிறவர் என்று பிஷப்பைச் சாடுகிறது. இந்த கிரீன் பிற்பாடு பெரிய சரித்திர ஆசிரியர் ஆனார். சபையில் இருந்த ஒரு பெண்மணி 1898-இல், அதாவது 38 வருஷம் கழித்து, ஒரு பத்திரிகையில் தன் நினைவை எழுதினார். நாம் எல்லோரும் சொல்கிற அழகான சின்ன வடிவம் பெரும்பாலும் அவர் எழுதியதுதான். "பிஷப்பாக இருப்பதைவிடக் குரங்காக இருப்பேன்" என்று ஹக்ஸ்லி சொன்னதாக ஊரெல்லாம் ஒரு பேச்சு பரவியது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்தார்.

ஒரு வாக்கியம் வாய்க்கு வாய் மாறும்போது நீளம் குறைகிறது, கூர்மை கூடுகிறது. நம் வீட்டுக் கல்யாணங்களில் பெரியப்பா அடித்த ஜோக்குகளும் அப்படித்தான் வளர்ந்தன.

இன்னொரு விஷயம். அன்று ஹக்ஸ்லியின் பதில் எத்தனை பேர் காதில் விழுந்தது? டார்வினின் நெருங்கிய நண்பரான ஜோசப் ஹூக்கர் இரண்டு நாள் கழித்து டார்வினுக்கு எழுதினார். ஹக்ஸ்லி நன்றாகவே பதிலடி கொடுத்தார், ஆனால் அத்தனை பெரிய கூட்டத்துக்கு அவர் குரல் எட்டவில்லை, சபையைத் தன் வசப்படுத்த முடியவில்லை, பிஷப்பின் பலவீனமான இடங்களை அவர் தொடவும் இல்லை என்பது கடிதத்தின் சாரம். அதாவது, குத்தலுக்குக் குத்தல் வந்தது. புறாவுக்குப் பதில் வரவில்லை. கூச்சல் ஏறியது. லேடி புரூஸ்டர் என்ற பெண்மணி மயங்கி விழுந்தார். ஒரு கடற்படை அதிகாரி எழுந்து பைபிளைத் தூக்கிப் பிடித்து ஏதோ சொல்ல, கூட்டம் அவரைப் பேச விடவில்லை. இவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அப்புறம்தான் ஹூக்கர் எழுந்தார். அன்றைக்கு அவருக்கு 43-வது பிறந்த நாள். அவர் தாவரவியல் அறிஞர். இமயமலைப் பக்கம் வருஷக்கணக்கில் அலைந்தவர். பின்னாளில் நம் நாட்டுத் தாவரங்களுக்கு ஏழு தொகுதிகளில் பெரிய நூல் கொண்டுவந்தவரும் இவர்தான். மேடைப் பேச்சில் அவருக்குப் பெயர் கிடையாது. அவர் செய்தது ஒன்றே ஒன்று. பிஷப் எதை மறுத்தாரோ அது டார்வின் சொன்னதே இல்லை என்று காட்டினார். இன்றிருக்கிற ஒரு இனம் இன்றிருக்கிற இன்னொரு இனமாக மாறுகிறது என்று பிஷப் புரிந்துகொண்டிருக்கிறார். புத்தகம் சொல்வதோ, சின்னச் சின்ன வேறுபாடுகளும் இயற்கைத் தேர்வும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து புது இனங்கள் வருகின்றன என்பது. கூடவே தன் கதையையும் சொன்னார். இந்தக் கருத்து தனக்குப் பல வருஷமாகத் தெரியும், ஆரம்பத்தில் தானே இதை எதிர்த்தவன், உலகம் சுற்றித் தாவரங்களைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினேன் என்றார். பிஷப் எழுந்து மறுப்புச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தது.

ஹூக்கர் எடுத்துக் காட்டிய அந்தத் தவறு நம் வகுப்பறைகளிலும் உண்டு. ஏழாம் வகுப்பில் ஒரு பையன், "சார், குரங்குதான் மனுஷனா மாறுச்சுன்னா இப்ப இருக்கிற குரங்கெல்லாம் ஏன் சார் இன்னும் மாறலை?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பின்னால் இருந்து ஒருத்தன், "நீ மாறலையாடா?" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு. நான் பாடத்தை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, மனிதனும் குரங்கும் ஒரே பழைய மூதாதையிலிருந்து பிரிந்த கிளைகள் என்று மரம் போட்டு விளக்கினேன். பெரியப்பா பிள்ளை ஏன் சித்தப்பா பிள்ளையாக மாறவில்லை என்று யாரும் கேட்பதில்லையே என்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் அடுத்த கேள்வி கேட்க மூன்று மாதம் ஆனது. கிண்டலடித்தவன் மறுநாளே மறந்துவிட்டான். கேட்டவன் மறக்கவில்லை.

மறுபடி ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருவோம். கூட்டம் முடிந்து யார் வென்றதாக நினைத்தார்கள் என்று பாருங்கள். ஹூக்கர், நான்தான் பிஷப்பை நொறுக்கினேன் என்று டார்வினுக்கு எழுதினார். அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க ஆக்ஸ்ஃபோர்டிலேயே மக்கள் அதிகம் கொண்டாடிய ஆள் நான்தான் என்று ஹக்ஸ்லி எழுதினார். பிஷப்பும் ஒரு நண்பருக்கு எழுதினார். ஹக்ஸ்லியோடு நெடுநேரம் சண்டை, அவரை நன்றாகத் தோற்கடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன் என்று! சபையில் இருந்த இயற்பியல் அறிஞர் பால்ஃபர் ஸ்டூவர்ட்டும் பிஷப்புக்கே மேல்கை என்று கருதினார். ஒரே அறை, ஒரே மத்தியானம், மூன்று வெற்றியாளர்கள். அப்புறம் 1887-இல் டார்வினின் மகன் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றையும், 1900-இல் ஹக்ஸ்லியின் மகன் தன் அப்பாவின் வரலாற்றையும் வெளியிட்டார்கள். அவற்றில் வந்த சித்திரம்தான் உலகத்துக்கு நிலைத்தது.

ஆகவே, பிஷப்பின் அறியாமை எது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவருக்கு உயிரியல் தெரியாது என்பதல்ல. தெரியாதது குற்றமும் அல்ல. அவருக்கு மனித உடற்கூறு விஷயத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ரிச்சர்ட் ஓவன் என்று அப்போதே பேச்சு. ஓவன் அந்தக் காலத்தில் பிரிட்டனின் தலைசிறந்த உடற்கூறு அறிஞர். மனித மூளையில் மட்டும் சில பகுதிகள் உண்டு, குரங்குகளுக்குக் கிடையாது என்பது அவருடைய வாதம். அந்தப் பகுதிகளில் ஒன்றின் பெயர் ஹிப்போகேம்பஸ் மைனர். மூளையின் உள்ளே ஒரு சின்னப் புடைப்பு, அவ்வளவுதான். அதே வாரம் வியாழக்கிழமை ஓவன் கொரில்லா மூளையைப் பற்றி இதே கருத்தைச் சொன்னபோது ஹக்ஸ்லி எழுந்து, இது தவறு, ஆதாரத்தோடு பிறகு எழுதுகிறேன் என்று மறுத்திருந்தார். இரண்டு நாள் முன்னால் நிபுணர்களுக்குள் தீராமல் கிடந்த வழக்கு என்று தெரிந்தும், சனிக்கிழமை பிஷப் தீர்ந்துபோன விஷயம் மாதிரி பேசினார். இரவல் வாங்கிய அறிவு எந்த இடத்தில் முடிகிறது என்று இரவல் வாங்கியவருக்குத் தெரியவில்லை. அந்த இடம் வந்ததும் கைக்குக் கிடைத்தது நக்கல்.

அந்த மூளை வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. யாரும் அதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் சிரிப்பு இல்லை. ஹக்ஸ்லி 1861-இல் கட்டுரை எழுதினார். அவரோடு வேறு சிலரும் குரங்குகளின் மூளையை அறுத்து அறுத்துப் பார்த்தார்கள். 1862-இல் கேம்பிரிட்ஜில் அதே சங்கத்தின் கூட்டத்தில் வில்லியம் ஃபிளவர் என்ற அறிஞர் குரங்கு மூளையையே கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் காட்டினார். புடைப்பு இருந்தது. 1863-இல் ஹக்ஸ்லி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகமாகப் போட்டார். இரண்டரை வருஷ வேலை. ஆக்ஸ்ஃபோர்டில் அரை நிமிஷத்தில் சொன்ன பதிலைவிட இதுதான் ஓவன் பக்கத்தை வீழ்த்தியது.

சரி, டார்வின் பக்கத்தில் அறியாமை இல்லையா? ஏகப்பட்டது இருந்தது. பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று டார்வினே புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மொத்தம் 14 அத்தியாயம், அதில் ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை நான்கு அத்தியாயங்கள் தன் கொள்கைக்கு என்னென்ன சங்கடம் வரும் என்பதற்கே செலவழித்திருக்கிறார். பிஷப் அந்த இடங்களைச் சாமர்த்தியமாகப் பொறுக்கி எடுத்தாரே, அவை டார்வின் தானே விளக்குப் போட்டுக் காட்டி வைத்த இடங்கள். தென் இங்கிலாந்தின் ஒரு பள்ளத்தாக்கு அரித்துப் போக 30 கோடி வருஷம் ஆகியிருக்கும் என்று முதல் பதிப்பில் ஒரு கணக்கு எழுதியிருந்தார். அதற்குக் கண்டனம் வந்ததும் 1861-இல் மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்.

பதில்கள் வந்த விதமும் விசித்திரம். இடைப்பட்ட உயிர்கள் எங்கே என்று டார்வினை எதிர்த்தவர்கள் கேட்டார்கள். மறு வருஷமே, 1861-இல், ஜெர்மனியில் சோல்ன்ஹோஃபன் கல் குவாரியில் ஆர்க்கியோப்டெரிக்ஸ் கிடைத்தது. பறவை மாதிரி இறகு, பல்லியின் மாதிரி எலும்பு வால். அந்தப் புதைபடிவத்தை லண்டன் அருங்காட்சியகத்துக்கு விலை கொடுத்து வாங்கிப் போட்டவர் வேறு யாருமில்லை, ஓவன்தான். குணங்கள் தலைமுறை தாண்டும் விதத்தை மெண்டல் என்ற துறவி மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வைத்துக் கண்டுபிடித்தார். 1865-இல் வாசித்தார், 1866-இல் அச்சில் வந்தது. 1900 வரை உலகம் அதைச் சீந்தவில்லை. டார்வின் 1882-இல் அதைப் பற்றித் தெரியாமலேயே இறந்து போனார். பிஷப்பின் மதத்தைச் சேர்ந்த ஒரு துறவிதான் டார்வின் பக்கத்து ஓட்டையை அடைத்தார் என்பதை, இதை மதத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த குஸ்தியாகப் பார்க்கிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். (ரெண்டு பேரும் வேற வேற சபை சார் என்று யாராவது சொல்வீர்கள். தெரியும், உட்கார்.)

ஹக்ஸ்லிக்கும் பிஷப்புக்கும் ஜென்மப் பகை என்று நினைக்க வேண்டாம். முப்பது வருஷம் கழித்து ஹக்ஸ்லி எழுதினார்: பிஷப்புக்கு நியாயம் செய்யவேண்டும் என்றால், அவர் மனசில் கசப்பு வைத்துக்கொள்ளவே இல்லை, பின்னால் சந்தித்த போதெல்லாம் மிக மரியாதையாகவே நடந்துகொண்டார் என்று. பிஷப் 1873-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார்.

இப்போது அந்தக் கடற்படை அதிகாரி. பெயர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் டார்வினை உலகம் சுற்றிக் கூட்டிப்போன கேப்டன் இவரேதான்! இளைஞர்களாக இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். தன் கப்பலில் வந்த பையன் எழுதிய புத்தகம் வேதத்துக்கு விரோதமாகப் போய்விட்டதே என்ற வேதனை அவருக்கு. அன்றைக்கு வயது 54. பைபிளைத் தூக்கிப் பிடித்து நின்ற அந்தக் கோலத்தோடு சரித்திரம் அவரை விட்டுவிடுகிறது. குரங்குத் தாத்தா கதையில் அவருக்குக் கோமாளி வேஷம்.

ஆனால் அவர் அந்த வாரம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தது டார்வினோடு சண்டை போட இல்லை. புயல்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க வந்தார். முந்தின அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கடற்கரையில் புயலில் சிக்கி உடைந்து சுமார் 450 பேர் இறந்திருந்தார்கள். அரசாங்கத்தின் வானிலைத் துறைக்குத் தலைவர் ஃபிட்ஸ்ராய். புயல் வருவதைத் தந்தி மூலம் முன்கூட்டியே துறைமுகங்களுக்குச் சொல்ல முடியும் என்று நம்பினார். 1861-இல் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றத் தொடங்கினார். நம் கடலோரத் துறைமுகங்களில் ஒன்றாம் எண் கூண்டு, மூன்றாம் எண் கூண்டு என்று ஏற்றுகிறார்களே, அதே வகை ஏற்பாடு. அதே வருஷம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பும் வந்தது. இது ஜோசியம் அல்ல, இருக்கிற தகவலை வைத்துச் சொல்கிற கணிப்பு, தவறவும் கூடும் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்தார்.

தவறியபோதெல்லாம் கேலி. பத்திரிகைகளில் கேலி, நாடாளுமன்றத்தில் கேலி. மழை என்றார், வெயில் அடித்தது. யாருக்கும் வருகிற சுலபமான ஜோக். அவருக்கு உடல் நலமும் போயிற்று, சொத்தும் கரைந்தது, மனச்சோர்வும் சேர்ந்தது. 1865 ஏப்ரலில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மறு வருஷம் டார்வினின் உறவினரான ஃபிரான்சிஸ் கால்டன் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, இந்த முன்னறிவிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று அறிக்கை கொடுத்தது. 1866 டிசம்பரோடு புயல் எச்சரிக்கையையும் நிறுத்திவிட்டார்கள்.

துறைமுகங்களிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. மீனவர்களும் மாலுமிகளும் எங்களுக்கு அந்தக் கூண்டு வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த வருஷமே அரசாங்கம் மறுபடியும் கூண்டை ஏற்றியது. 2002-இல் ஸ்பெயின் பக்கத்துக் கடற்பகுதி ஒன்றின் பெயரை மாற்ற வேண்டி வந்தபோது, பிரிட்டிஷ் வானிலைத் துறை அதற்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் வைத்தது. இன்றைக்கும் கப்பல்களுக்கான வானிலை அறிக்கையை வானொலியில் வாசிக்கும்போது மற்றக் கடல்களின் பெயர்களோடு அந்தப் பெயரும் வருகிறது.